பத்து மணிக்கு மைக்கை அணைச்சுடு, ராசா!

வாடா பேராண்டி, உக்காரு. அந்த ஃபைலை ரவ தள்ளி வை, உன் மூஞ்சி தெரிய மாட்டேங்குது. அசோசியேஷன்ல உன்னைக் கல்ச்சுரல் செகரெட்டரியாப் போட்டுட்டாங்களாமே. உங்கம்மா போன வாரமே சொன்னா. சொல்லும்போது அவளுக்கு ஒரே பெருமை. எனக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு. நம்ம வம்சத்துல கலையால கெட்டவன் நான் ஒருத்தன் போதும்னு இருந்தேன்.

பேட்டையில கலையை வளர்க்கணும், தாத்தா யோசனை சொல்லுங்கிற. ஆளைச் சரியாத்தான் புடிச்சிருக்கிற. செய்யாத்துப் பக்கம் நாப்பது வருஷம் தெருக்கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டினவன்டா நான். ராசா வேஷக்காரன் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம்னு கட்டை கட்டி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆவும். எனக்கு ஒரு குல்லா, மூஞ்சியில நாலு கோடு அரிதாரம், அவ்ளோதான். ஆனா களரிக்கு மொதல்ல வர்றவன் நான். திரைக்குப் பின்னால துரியோதனன் சலங்கை கட்டிக்கிட்டுக் குதிச்சிட்டிருப்பான். "யாருய்யா நீ, எந்த ஊரு, இந்த நேரத்துல எதுக்கு வந்த?"ன்னு நான் கேட்டாத்தான் அவன் ராசா. அது வரைக்கும் பக்கத்தூர்ல ஏர் ஓட்டறவன். ஆக எனக்கு யோசனை சொல்லிப் பழக்கமில்ல, கேள்வி கேட்டுத்தான் பழக்கம். நீயும் இப்ப ஒரு சின்ன ராசா. கோவிச்சுக்காத.

நிகழ்ச்சி நிரலைப் படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். ஆறு மணிக்கு இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை மூணு, பொன்னாடை, நினைவுப்பரிசு. அப்பறம் "கிராமியக் கலை நிகழ்ச்சி, 15 நிமிடம்". அப்பறம் நன்றியுரை, சாப்பாடு. அருமையாப் போட்டிருக்கிற. ஒரே ஒரு குறைதான். அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை ஏன் வீணாக்குற? அதையும் எடுத்துட்டா இன்னும் மூணு பேருக்கு வாழ்த்துரை குடுக்கலாம். லிஃப்ட் ரிப்பேர் கமிட்டித் தலைவர் பேரு விட்டுப்போயிருக்குது பாரு. நாளைக்கு லிஃப்ட் நின்னுச்சுன்னா கரகாட்டக்காரியா வந்து ஓட்டுவா?

சிரிக்காத. எனக்கு நடந்ததைச் சொல்றேன். பேரு வேணாம், இதே பட்டணத்துல ஒரு பெரிய விழாவுக்கு எங்க ஜமாவைக் கூப்பிட்டாங்க. பதினாலு பேர் போனோம். அர்ச்சுனன் தபசு. எங்க பக்கத்துல அதுக்கு நிஜமாவே ஒசரமா மரம் நட்டு, படிப்படியா கட்டை அடிச்சு, படிக்கு ஒரு பாட்டாப் பாடிக்கிட்டே ஏறுவான் அர்ச்சுனன். ஏறி முடிக்கறதுக்குள்ள கீழ இருக்கிற பொம்பளைங்க பாதிப் பேர் அழுதுடுவாங்க. மேடைக்குப் பின்னால காதுல ஒயர் மாட்டின பொண்ணு ஒண்ணு வந்து, "ஐயா, எட்டு நிமிஷத்துல முடிச்சுடுங்க"ன்னுச்சு. ஏறவே ரொம்ப நேரம் ஆவும்மான்னேன். "அப்ப ஏறினதுக்கு அப்பறம் ஆரம்பிங்க"ன்னுச்சு. நல்ல பொண்ணு, அது பேர்ல தப்பில்ல, அதுக்கு மேல ஒருத்தன் வாட்ச்சைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். மரத்துக்குப் பதிலா பந்தல்காரன் ஏணி. அர்ச்சுனன் ஏணி மேல நின்னுக்கிட்டு பாசுபதம் கேக்கறான், சிவபெருமான் கையை நீட்டறதுக்குள்ள சினிமாப் பாட்டைப் போட்டுட்டாங்க. கூலியில பாதி அன்னைக்கே குடுத்தாங்க. மீதி வந்துக்கிட்டே இருக்குது. பாசுபதமாச்சும் முன்னால வந்துடும் போல.

சரி, உன் விழாவுக்கு வருவோம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கெல்லாம் முடியற மாதிரி போட்டிருக்கிற. ஏன்னு கேட்டா சட்டம்ங்கிற. நானும் விசாரிச்சேன். 2000ல வந்த ஒலி மாசு விதி. ராத்திரி 10 மணியிலேர்ந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு மனசு வெச்சா, கலை விழா, கோயில் விழான்னு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம, அதுவும் 12 மணி வரைக்கும்தான் விலக்குக் குடுக்கலாம். என்ன கணக்குடா இது? எங்க கூத்து ஆரம்பிக்கறதே 10 மணிக்கு, முடியறது விடிஞ்சப்பறம். சட்டத்துக்கும் எங்களுக்கும் ஒரே டைம்டேபிள்தான், அவங்க மூடற நேரத்துல நாங்க தொறக்கறோம். பாரதப் போர் 18 நாளு, அரசாங்கம் குடுக்கறது 15 நாளு. மிச்சம் மூணு நாள் சண்டையை எங்க கொண்டு போய் வெக்கறது? 12 மணிக்கு நிறுத்தினா துரியோதனன் சூதாடி முடிச்ச கையோட வூட்டுக்குப் போயிடுவான். துகிலுரியறது ரெண்டு மணிக்கு மேல தானே வரும்? பாஞ்சாலிக்கு நல்ல காலம்னு வெச்சுக்க.

சட்டம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற புள்ள இருக்குது, நெஞ்சு வலிக்காரர் இருக்கறாரு. ஒரு ஆடி மாசம் முழுக்க உங்க தெரு முனையில ஸ்பீக்கர் வெச்சதுல எனக்கே காது அடைச்சுப்போச்சு. ஆனா எங்கப்பா காலத்துல மைக்கே கெடையாதுடா. முகவீணக்காரர் ஊதினா அடுத்த ஊருக்குக் கேக்கும். பாடறவன் தொண்டை கடைசி வரிசைக் கெழவிக்கு எட்டும். எட்டலைன்னா கெழவியே கத்துவா. மைக் வந்தப்பறம்தான் எங்க தொண்டை சுருங்கிச்சு, உங்க காது செவிடாச்சு. அடக்க வேண்டியது பெட்டியை. உங்க ஊர்ல பெட்டியோட சேத்து ஆளையும் அடக்கிட்டாங்க.

உங்க ப்ரசிடென்ட் ஒரு அரங்கம் கட்டணும்ங்கிறாராமே? கிளப் ஹவுஸ் மேல, ஏசி போட்டு, முந்நூறு சீட்டு. கட்டட்டும். கட்டறதுக்கு முன்னால அவரைக் கூட்டிக்கிட்டு ரிப்பன் மாளிகை பக்கத்துல ஒரு நடை போயிட்டு வா. அங்க செவப்புக் கட்டிடமா விக்டோரியா பப்ளிக் ஹால் நிக்குது. ராணி பேர்ல கட்டினது, சிஷோம்ங்கிற துரை வரைபடம் போட்டது. பம்மல் சம்பந்த முதலியார்னு ஒருத்தர், பின்னால வக்கீலாவும் ஜட்ஜாவும் இருந்தவர், 1891ல சுகுண விலாச சபைன்னு ஆரம்பிச்சார். படிச்ச மனுஷனுங்க வேஷம் கட்டறதான்னு ஊரு சிரிச்ச காலத்துல, அவரு வக்கீலையும் குமாஸ்தாவையும் மேடையேத்தி அந்த ஹால்ல நாடகம் போட்டார். அப்பேர்ப்பட்ட ஹால் அப்பறம் வருஷக்கணக்கா பூட்டுத் தொங்கிக் கெடந்துச்சு. நான் சென்ட்ரல்ல எறங்கும்போதெல்லாம் பாப்பேன், புறாவுங்க மட்டும் நல்லா ரிகர்சல் பண்ணிட்டிருக்கும். இப்ப மாநகராட்சி கோடிக்கணக்குல செலவு பண்ணி சீர் பண்ணியிருக்குது, சந்தோஷம். சாவி யார்கிட்ட இருக்குது, ஒரு நாள் வாடகை என்ன, கானா பாடற புள்ளைங்க போய்க் கேட்டா குடுப்பாங்களா, இதைக் கேட்டுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு.

அதுக்குத் தலைகீழா ஒண்ணு சொல்றேன். மியூசிக் அகாடமி. 1927ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ ஓரமா ஒரு சங்கீத மாநாடும் நடத்தினாங்க. அதுலேர்ந்து 1928ல அகாடமி பொறந்துச்சு. சொந்தமா அரங்கம் வந்தது எப்போ? 1962. முப்பத்து நாலு வருஷம் பந்தல்லயும், அடுத்தவங்க மண்டபத்துலயும் பாடியே இந்த டிசம்பர் சீசனை ஊரு பழக்கமாக்கிட்டாங்க. கூட்டம் சேந்தப்பறம் கூரை வந்துச்சு. உங்க ப்ரசிடென்ட் கூரையைப் போட்டுட்டுக் கூட்டத்தைத் தேடப் போறாரு. தேடட்டும், ஏசியில தூங்கறதுக்காச்சும் நாலு பேர் வருவாங்க.

அந்த சீசனைப் பத்தி எனக்கு ஒரு பொறாமையும் இல்ல. கேன்டீன்ல ரவா தோசை நல்லாருக்கும்னு உங்கம்மா ஒரு தரம் கூட்டிக்கிட்டுப் போனா, நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டும் நல்லாருந்துச்சு, ஆனா தோசை சாப்பிட உள்ள விட்ட மாதிரி பாட்டுக்கு விடலை, டிக்கெட் தீந்துடுச்சாம், வெளிய ஸ்பீக்கர்ல கேட்டேன். அந்த சீசன்ல பாடினவங்கள்ல ஒருத்தரு, டி.எம்.கிருஷ்ணா, 2015ல கூட்டாளிங்களோட சேந்து பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல ஒரு விழா எடுத்தாரு. மீன் காயற எடத்துல சங்கீதம், கூத்து, பறை எல்லாம். அப்பறம் ஒரு வருஷம் ஓடற மாநகர பஸ்ஸுக்குள்ளயே ஏறிப் பாடினாரு. எனக்கு அது புடிச்சுது. பஸ்ஸுல பாடினா கண்டக்டர் விசில் எந்தத் தாளத்துல விழும்னு யோசிச்சுக்கிட்டு ரெண்டு நாள் தூக்கம் வரலை. இதுலயும் கட்டியக்காரன் புத்தி ஒரு கேள்வி கேக்குது. சங்கீதம் குப்பத்துக்கு வந்துச்சு, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. குப்பத்துக்காரன் பாட்டு திரும்ப சபாவுக்குப் போவ எந்த பஸ்ஸு? அந்த ரூட்டுல வண்டி ரவ கம்மி, நைனா.

வண்டி வரலைன்னு ஒக்காந்திருக்காம நடந்தே போனவங்களும் இருக்காங்க. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல, இயக்குநர் ரஞ்சித்தோட நீலம் அமைப்பு ஏற்பாட்டுல, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு குழு. கானா, பறை, ராப்புன்னு எல்லாம் ஒரே மேடையில. எல்லாரும் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நின்னாங்க. நீதான் எனக்குப் போன்ல காட்டின, நெனப்பிருக்குதா? நீ பாட்டைப் பாத்த, நான் கோட்டைப் பாத்தேன். சாவு வூட்டுல ராத்திரி பூரா பாடிட்டு வெடிஞ்சா ஒதுங்கிப் போற பாட்டு, கோட்டு போட்டுக்கிட்டு மைக் முன்னால வந்து நின்னா, பாக்கறவனுக்கு முதுகு நிமிருது. அப்பறம் 2020 டிசம்பர்லேர்ந்து மார்கழியில மக்களிசைன்னு வேற ஆரம்பிச்சுட்டாங்க. மார்கழி மாசத்துக்கு யாரும் பட்டா வாங்கலைன்னு அப்பத்தான் பல பேருக்குத் தெரிஞ்சுது.

உன் ஃபைல்ல அடுத்தது சுவர் ஓவியம். காம்பவுண்டு சுவர்ல "பண்பாட்டுச் சித்திரம்", மயில், ஜல்லிக்கட்டு, பரதநாட்டியம். செய். ஆனா அதுக்கு முன்னால கண்ணகி நகர் போயிட்டு வா. ஓஎம்ஆர் மேலயே இருக்குது, உன் ஆபீஸுக்குப் போற வழிதான். கூவம் ஓரம், கடலோரம்னு நகரத்துக்குள்ள இருந்த குடிசைச் சனத்தை 2000லேர்ந்து லாரியில ஏத்திக் கொண்டு போய் அங்க வெச்சாங்க. பதினஞ்சாயிரத்துக்கு மேல வூடு. வூட்டு வேலைக்கும், மீன் ஏவாரத்துக்கும், கூலிக்கும் அவங்க திரும்ப நகரத்துக்குத்தான் வரணும், விடிகாலையில பஸ்ஸைப் புடிச்சு. 2020ல ஸ்டார்ட் இந்தியான்னு ஒரு அமைப்பு மாநகராட்சியோட சேந்து அந்தக் கட்டிடச் சுவர்லல்லாம் பிரம்மாண்டமா வரைஞ்சாங்க. நான் போய்ப் பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லாருக்குது. நாலு மாடி ஒசரத்துக்கு முகம். புள்ளைங்க அதுங்கீழ கிரிக்கெட் ஆடுதுங்க, "எங்க ஏரியா அது"ன்னு கை காட்டுதுங்க. ஆட்டோக்காரன் வரத் தயங்கின எடத்துக்கு இப்ப கேமரா தூக்கிக்கிட்டு ஆளுங்க வர்றாங்க. சின்ன விஷயமில்ல.

ஆனா பேரைப் பாரு. நியாயம் கேட்டு ஊரைக் கொளுத்தினவ பேரை, ஊரை விட்டுக் கெளப்பினவங்க எடத்துக்கு வெச்சிருக்காங்க. இதை யோசிச்சவன் பெரிய கட்டியக்காரன்டா, எனக்கே வாத்தியார். கண்ணகி சிலையையும் 2001ல மெரினாவுலேர்ந்து கெளப்பிட்டாங்க, தெரியுமா? 2006ல திரும்பி வந்து நின்னுக்கிச்சு. கல்லுக்கு அஞ்சு வருஷத்துல வழி பொறந்துடுச்சு. குடிசை மாற்று வாரியம்ங்கிற பேரையும் 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தியாச்சு. பேரு ரொம்ப நீளமாயிடுச்சு, பஸ்ஸு தூரம் அப்படியேதான் இருக்குது. நான் சொல்ல வர்றது இதுதான் ராசா, கூவத்தோரத்துல இருந்த சனத்தை வண்டியில ஏத்தினப்போ பானை சட்டியோட மட்டும் ஏத்தலை. அதுல கானா பாடறவன் இருந்தான், மேளம் அடிக்கறவன் இருந்தான், ஆடி மாசம் கூழு ஊத்தி கரகம் எடுக்கறவ இருந்தா. தெருவைக் கலைச்சா தெருக்கூத்து எங்க நிக்கும்? இப்ப நீங்க, "எங்க பேட்டையில கலையே இல்ல, வளர்க்கணும்"னு கமிட்டி போடறீங்க. அவங்க இருந்த எடத்துல கட்டின கட்டிடத்துல ஒக்காந்துக்கிட்டு.

சரி, மூஞ்சியைத் தூக்கிக்காத. நீ கெளப்பலை, உங்கப்பன் லோன் போட்டு வாங்கின வூடு, தெரியும். தண்ணி குடி.

பெரிய அளவுல நல்லதா நடந்ததும் இருக்குது. 2007ல சென்னை சங்கமம்னு பொங்கலுக்காகப் பார்க்குலயும் தெருவுலயும் ஊர் ஊரா கலைஞர்களைக் கொண்டாந்து ஆட விட்டாங்க. தமிழ் மையம் ஜெகத் கஸ்பர், கனிமொழி எல்லாம் சேந்து ஆரம்பிச்சது. நடுவுல பல வருஷம் அதைக் காணோம், 2023 பொங்கலுக்கு அரசாங்கத்தோட கலை பண்பாட்டுத் துறை "நம்ம ஊரு திருவிழா"ன்னு திரும்பக் கொண்டாந்துச்சு. எங்க பக்கத்து ஆளுங்க நாலு பேருக்கு அதுல பொங்கல் துணி வந்துச்சு, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் பசிக்கிற வயிறு யாருக்காச்சும் இருக்குதா? அதே 2007ல நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் வந்துச்சு. நலிந்த கலைஞர்னு உதவித்தொகையும் உண்டு. நல்லதுதான், வாங்கறவங்க வாங்கட்டும். நான்தான் மனு போடலை. நாப்பது வருஷமா ராசாவை நக்கல் பண்ணினவன், இந்த வயசுல நலிஞ்ச வேஷம் கட்டச் சொன்னா அரிதாரம் ஒட்ட மாட்டேங்குது.

நகரத்துல கலை தானா நடக்கற எடமும் இருக்குது, யாரும் வளர்க்காமயே. மயிலாப்பூர்ல பங்குனியில அறுபத்து மூவர் பாத்திருக்கிறியா? எந்த அசோசியேஷன் செகரெட்டரி நோட்டீஸ் போட்டு வருது அந்தக் கூட்டம்? அதே வடக்கு மாட வீதியில சனவரியில கோலப்போட்டி வைக்கறாங்க, ரோட்டை மறிச்சு, வரிசையா பொம்பளைங்க குந்திக்கிட்டு. மாவு, விரல், குனிய ஒரு முதுகு, இதான் செலவு. உங்க பிளாக்குல வாசல்ல கோலம் போட்டா டைல்ஸ் கறைபடும்னு சர்க்குலர் விட்டிருக்கீங்க, நோட்டீஸ் போர்டுல பாத்தேன். அதுக்குப் பக்கத்துலயே "பாரம்பரியக் கலை விழா"ன்னு உன் நோட்டீஸ். ரெண்டையும் ஒரே பின்ல குத்தியிருந்தாங்க.

பட்ஜெட்டைப் பாப்போம். பேனர், பந்தல், ஒலி ஒளி, எல்இடி திரை, சிறப்பு விருந்தினர் நினைவுப்பரிசு, கேட்டரிங், போட்டோ வீடியோ, ட்ரோன். ட்ரோனா? கூத்தை மேலேர்ந்து பாத்தா என்னடா தெரியும், கிரீடத்து உச்சிதான் தெரியும். கடைசி வரியில "கலைஞர்கள்: போக்குவரத்து மட்டும்". கேட்டா, "அவங்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு, தாத்தா"ங்கிற. சரி, அதே வாய்ப்பைக் கேட்டரிங்காரனுக்குக் குடுத்துப் பாரேன். சாம்பார் வைக்கறதுக்கு இது ஒரு நல்ல மேடை, துட்டு கேக்காதீங்கன்னு. பருப்பு வேகுதான்னு பாக்கலாம். எங்க ஊர்ல கூத்து விடறதுன்னா மொதல்ல ஜமா வாத்தியார் கையில வெத்தலை பாக்கோட அச்சாரம் வைப்பாங்க. அது வெச்சாத்தான் தேதி. கூத்து முடிஞ்சு மூஞ்சி கழுவறதுக்குள்ள மீதி வந்துடணும். அரிதாரம் கலைஞ்சுடுச்சுன்னா அப்பறம் துரியோதனன்னு யாரு நம்புவான்?

அது கெடக்கட்டும். "வெளியூரிலிருந்து கூத்துக் கலைஞர்கள் வரவழைக்கப்படுவார்கள்"னு எழுதியிருக்கிற. வண்டிச் செலவு எட்டாயிரம். எதுக்குடா? உன் மூணாவது பிளாக் வாட்ச்மேனை என்னைக்காச்சும் எந்த ஊருன்னு கேட்டிருக்கிறியா? வந்தவாசிப் பக்கம். அவங்கப்பா முகவீணக்காரர், அவனும் சின்ன வயசுல பின்பாட்டு பாடியிருக்கறான். நான் வந்த ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சுட்டேன், அவன் கேட்டைத் தொறக்கும்போது கால் வைக்கிற அடவே வேற. பயிர் காஞ்சு இங்க வந்துட்டான், பன்னெண்டு மணி நேர டூட்டி, ராத்திரி. எட்டாவது மாடி சமையக்காரம்மா ஒப்பாரி வெச்சா கல்லும் கரையும், அதை எங்க போய்க் கேப்ப, விழாவுல போட முடியாது. குப்பை எடுக்க வர்ற புள்ள பறை அடிக்கும். இவங்களையெல்லாம் நீ சர்வீஸ் லிஃப்ட்ல பாத்திருப்ப, நிகழ்ச்சி நிரல்ல பாத்திருக்க மாட்ட.

உன்னை ஒண்ணு கேக்கறேன், உங்கம்மாகிட்ட சொல்லாத. ராத்திரி ஒரு மணிக்கு மேல தாத்தனுக்குத் தூக்கம் வரலை, நடக்கப் போறேன்னு அவகிட்ட சொல்லிட்டுக் கெளம்பறேனில்ல? நடக்கறதில்ல. கேட்டாண்ட நாற்காலி போட்டு நானும் அவனும் கர்ண மோட்சம் நடத்திட்டிருக்கோம். போன செவ்வாக்கெழமை ஆரம்பிச்சோம். மைக் கெடையாது, பர்மிஷன் கெடையாது, குத்துவிளக்குக்கு அவன் டார்ச் லைட்டு. தினம் ஒரு மணி நேரம், வாயாலயே மத்தளம். கர்ணன் இன்னும் குந்திகிட்ட வரலை, பொன்னுருவி வூட்டுலதான் சண்டை ஓடுது. ஒரு வண்டி வந்தா அவன் எழுந்து ஓடிப்போய் சல்யூட் அடிச்சுட்டு வந்து விட்ட எடத்துலேர்ந்து பாடறான், ஒரு சுதி பிசகலை.

முந்தாநேத்து ஏழாவது மாடியில ஒரு ஜன்னல்ல லைட்டு எரிஞ்சுது. கம்ப்ளெயின்ட் பண்ணத்தான் போறாங்கன்னு குரலைத் தணிச்சோம். நேத்து அதே ஜன்னல், லைட்டு எரியலை, ஆனா கதவு தொறந்திருந்துச்சு. யாரோ கைப்பிடிச் சுவர் மேல கையை ஊனிக்கிட்டு நின்னாங்க. உங்க ப்ரசிடென்ட் வூடு எத்தனாவது மாடிடா?